இடுப்பெலும்புக்கு உரியவர்

எங்கள் ஆக்கெச்சு மாவட்டத்தில் தனிமை என்பது சென்ற ஆண்டு செப்டம்பர் முப்பதாம் தேதி மாலை ஆறு மணியோடு ஒழிந்துவிட்டது. மாவட்ட அலுவலக வாசலில் நீலப் பலகையில் எழுதியே மாட்டியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஆட்டு அம்மையை ஒழித்தவர்களும் இவர்கள்தான். அந்தப் பலகையையே திருப்பி எழுதிவிட்டதால், காற்றடிக்கும் நாளில் பின்பக்கம் ஓர் ஆட்டுத் தலை தெரியும். அம்மை ஒழிந்ததா என்று அப்போது ஆடுகளை யாரும் கேட்கவில்லை. தனிமைக்கும் அதே நடைமுறைதான்.

இதில் என் சகலை ஷாய்லோபெக் எப்படி மாட்டினான் என்பதைச் சொல்கிறேன். என் மனைவியின் தங்கை சைராகுலைக் கட்டியவன். தேர்தல் நாளில் பிறந்தான் என்று அவன் அப்பா, எங்கள் மொழியில் தேர்தல் என்று பொருள்படும் இந்தப் பெயரை வைத்துவிட்டார். நான் அவனை ஓட்டுப்பெட்டி என்றுதான் கூப்பிடுவேன். யார் எதை மடித்துப் போட்டாலும் உள்ளே வாங்கிக்கொள்வான். சகலைகள் ஒருவரையொருவர் கேலி செய்யாவிட்டால்தான் எங்கள் ஊரில் சந்தேகப்படுவார்கள்.

முப்பத்தொரு வருடம் கணவாயில் இருந்த வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவன். வெப்பமானியைப் பார்ப்பது, நோட்டில் எழுதுவது, இவ்வளவுதான் வேலை. மற்றவர்கள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தபடி 'நேற்றைப் போலத்தான்' என்று எழுதிவிட்டுச் சீட்டாடுவார்கள். இவன் பனிப்புயலில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுவான். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு முற்றத்தில் ஒரு வெப்பமானியை மாட்டிவைத்து, தினமும் பகல் பன்னிரண்டுக்குப் பார்த்து எழுதினான். எழுத்தில் ஒன்று வந்துவிட்டால் எழுதியவன் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பான் என்பது அவன் வேதம். இப்படிப்பட்டவன் கையில் மாஸ்கோவில் வேலை செய்யும் மகள் ஒரு செல்போனை வாங்கிக் கொடுத்தாள்.

நவம்பர் கடைசியில் சைராகுல் மாவட்ட ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பக்கத்திலேயே இருந்ததாக ஷாய்லோபெக் எல்லோரிடமும் சொன்னான். பிறகு தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். உட்காருவான். "சகலை, அன்னிக்கு ஆஸ்பத்திரியில..." என்று தொடங்குவான். அப்புறம் நிறுத்தி, தேநீர் கேட்பான். மறுபடி, "அன்னிக்கு ஆஸ்பத்திரியில..." என்பான். இப்படி நாற்பது நாள். டிவியில் மல்யுத்தம் ஓடும் நேரமாகப் பார்த்துத்தான் வருவான். நானும் எத்தனை நாள்தான் கேட்பது?

ஜனவரியில் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டான். செல்போனில் ஒரு நண்பன் கிடைத்திருந்தான். பெயர் தெமிர்கான். நாட்டின் மறுகோடியில், தலாஸ் பக்கம், தேனீ வளர்ப்பவனாம்.

"முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட என்னய்யா பேச்சு?" என்றேன்.

"நான் மட்டும் விடுவேனா? முதல் நாளே ஏழு தந்தையர் பேரைக் கேட்டேன். கெல்திபெக், சாதிர், மோல்தோயார், எசென், புகார்பாய், தோல்பாய், கராச். ஒரு இடத்துல தடுமாறலை சகலை!"

எங்களவர்களிடம் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஏழு தலைமுறைத் தந்தையரைச் சொல்லத் தெரியாதவன் அடிமை. சொல்லத் தெரிந்தவன் மனிதன். அடையாள அட்டையைத் திருடலாம், ஏழு தந்தையரை எங்கே போய்த் திருடுவது என்று கேட்பார்கள். செல்போனில் வருகிறவன் அதைத் தாளைப் பார்த்துக்கூடச் சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

தெமிர்கானிடம் சில பழக்கங்கள் இருந்தன. காலை ஒன்பது மணிக்கு முன்னால் எழுத மாட்டான். ஒன்றிலிருந்து இரண்டு வரை பதில் இருக்காது. மாலை ஆறு அடித்தால் பாதி வார்த்தையில் நின்றுவிடுவான். சனி ஞாயிறு ஆளே இல்லை.

"தேனீக்காரன்னா அப்படித்தான். தேனீயும் ஆறு மணிக்குக் கூட்டுக்குள்ள போயிடும்ல?" என்றான் ஓட்டுப்பெட்டி. "ஒழுக்கமான மனுசன்."

"தேனீ ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குமா?"

"உனக்குப் பொறாமை."

கொஞ்சம் பொறாமை இருந்தது உண்மைதான். அவன் முகம் தெளிந்துவிட்டது. சாப்பிட ஆரம்பித்தான். மார்ச் மாதத்துக்குப் பிறகு, முதுகிலிருந்து மூட்டையை இறக்கிவைத்தவன் போல நடந்தான். என்ன மூட்டை என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் நாலாம் தேதி, சனிக்கிழமை, சைராகுலுக்கு வருடாந்திர விருந்து; பனி விழுவதற்கு முன்பே வைத்துவிடுவது வழக்கம். எங்கள் விருந்தில் இறைச்சியைக் கண்டபடி வைக்க முடியாது. ஒவ்வோர் எலும்புக்கும் உரிய ஆள் உண்டு. எல்லாவற்றிலும் பெரியது இடுப்பெலும்பு, சபையில் மூத்தவருக்கு. எனக்கு வயது அறுபத்தெட்டு, மூத்த மருமகன், செத்தவளைத் தோளில் தூக்கி வளர்த்தவளின் புருஷன். நான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குத் தோள்பட்டை எலும்பு வந்தது. இளைஞர்களுக்குப் போகிற துண்டு. இடுப்பெலும்பு, சபையின் தலைமாட்டில், மூத்தவருக்கென்று விரித்திருந்த காலி மெத்தைக்கு முன்னால் ஆவி பறக்க இருந்தது.

"யாருக்குய்யா அது?"

"தெமிர்கானுக்கு. வந்துக்கிட்டிருக்கார். நாலு நாளா சேதி இல்லை, மலைப்பாதையில சிக்னல் இருக்காது."

சபை இரண்டு மணி நேரம் காலி மெத்தையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது. இறைச்சியின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. "ஆளே வரலையே, அதை இந்தப் பக்கம் தள்ளு," என்றேன்.

"வருவார் சகலை. வர்றேன்னு எழுதியிருக்கார்."

"எழுதினா?"

"எழுதியிருக்கார்யா!"

நான் எழுந்து வந்துவிட்டேன். பின்னாலேயே பாதிச் சபை எழுந்தது.

திங்கட்கிழமை காலை சரியாக ஒன்பதுக்கு அவன் செல்போனில் செய்தி வந்தது. 'மதிப்பிற்குரிய குடிமகனே! உங்கள் நட்பு திட்டமிட்டபடி நிறைவடைந்தது. நண்பரின் தரத்தை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பிடவும். மாவட்டத் தனிமை ஒழிப்பு அலுவலகம், அறை எண் ஒன்பது.'

ஷாய்லோபெக் இதை எப்படிப் புரிந்துகொண்டான் தெரியுமா? விருந்துக்கு வரும் வழியில் தெமிர்கான் இறந்துவிட்டான். அரசாங்கம் துக்கச் செய்தி அனுப்பியிருக்கிறது. அழுதுகொண்டே ஐந்து போட்டான். பிறகு ஐஸ்பெட்டியில் வைத்திருந்த இடுப்பெலும்பை எடுத்து வெள்ளைத் துணியில் சுற்றினான். வர முடியாதவரின் பங்கை அவர் வீட்டில் சேர்க்க வேண்டும் என்பது முறை. குடும்பத்தின் முகவரியை அறை எண் ஒன்பதில் கேட்டு வாங்கிக்கொண்டு தலாஸுக்குப் பஸ் ஏறப் போவதாகச் சொன்னான்.

"நீயும் வா சகலை. எனக்கு ஆபீஸ்ல பேசத் தெரியாது."

முட்டி வலிக்கிறது என்றேன். என் மனைவி ஆனார்குல் கோட்டை எடுத்து என் மேல் எறிந்தாள். "என் தங்கச்சி புருசனைத் தனியா அனுப்புவியா? போ!" நான் போகக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவளிடம் சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

மாவட்ட அலுவலக வாசலில் காவலாளி நிறுத்தினான். "பையில என்ன?"

"இடுப்பெலும்பு."

"யாரோடது?"

"தெமிர்கானோடது."

காவலாளி போனைக் கையில் எடுத்துவிட்டான். ஆட்டெலும்புதான், தெமிர்கானுக்குச் சேர வேண்டியது என்று நான் விளக்குவதற்குள் இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். மோந்து பார்த்தார்கள். பிறகு ரசீது எழுதினார்கள்: 'எலும்பு, ஒன்று, சதையுடன். அன்பளிப்பு அல்ல என்று உறுதிமொழி பெறப்பட்டது.'

நடையில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். எல்லோர் கையிலும் செல்போன். பள்ளிக்கூடச் சமையல்கார அம்மா உல்ஜான் எங்கள் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கும் நிறைவடைஞ்சிருச்சா அண்ணே? எனக்கு ஓஷ் நகரத்துல ஒரு டாக்டர். பெண்டாட்டி செத்தவர். வசந்தத்துல வந்து பாக்கறேன்னார். நல்ல வம்சம். கெல்திபெக், சாதிர், மோல்தோயார்..."

"எசென், புகார்பாய்," என்றான் ஷாய்லோபெக்.

"தோல்பாய், கராச்!" என்றது எதிர் பெஞ்சு மொத்தமும்.

உல்ஜான் மெதுவாகக் கேட்டாள். "அப்போ என் டாக்டரும் உங்க தேனீக்காரரும் அண்ணன் தம்பியா?"

"நம்ம எல்லாரோட நண்பர்களும் ஒரே வயித்துப் பிள்ளைங்களா இருக்கணும்," என்றான் ஷாய்லோபெக். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு பெரிய குடும்பம்மா! இருந்தும் அவர் செத்ததை எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை பாரு."

உல்ஜான் அவனையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையில் கட்டியிருந்த புதுத் துணியை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, எங்களுக்குச் சொல்லாமலேயே எழுந்து போய்விட்டாள்.

அறை எண் ஒன்பதில் பெர்மெத் என்ற இளம்பெண் இருந்தாள். மேஜையில் 'முதுநிலை நண்பர்' என்று பெயர்ப்பலகை. ஷாய்லோபெக் தொப்பியைக் கழற்றிவிட்டு, எலும்பை மேஜை மேல் வைத்தான். "தெமிர்கான் வீட்டு விலாசம் வேணும்மா. அவர் பங்கு இது."

அவள் கோப்பைப் பார்த்தாள். "தெமிர்கான்... பதினாலாம் எண். மத்தியானம் வரைக்கும் தெமிர்கான் நான்தான் ஐயா. ரெண்டு மணிக்கு மேல இருந்த தெமிர்கான் பிரசவ லீவுல போயிட்டாங்க."

"தெமிர்கானுக்குக் குழந்தையா?"

"பொண்ணு."

"நல்லா இருக்கட்டும்," என்றான், பழக்கத்தில். பிறகுதான் அவன் முகத்தில் ஏதோ நகர்ந்தது. "தேனீ?"

"தேனீக்கு ஒரு கையேடு இருக்குங்க. நாப்பது பக்கம்."

அவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். அப்போது தலைவர் ஒரோஸ்பாய் கல்மாத்தோவிச் உள்ளே வந்தார். எங்களைப் பார்த்து உண்மையாகவே மகிழ்ந்தார். தேநீர் வரவழைத்தார். கிண்ணங்கள் விளிம்பு வரை நிறைந்து வந்தன. எங்கள் ஊரில் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். இன்னும் இரு, மறுபடி ஊற்றுகிறேன் என்று அர்த்தம். நிறைத்து வைத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு.

"பொய்யின்னு நினைக்காதீங்க பெரியவரே," என்றார். "பொய்ங்கறது தனி ஆள் சொல்றது. நாங்க சொன்னா அது சேவை. நிஜமான நண்பன் எத்தனை பேரைக் கவனிப்பான்? ரெண்டு? மூணு? எங்க தெமிர்கான் இருநூத்திப் பன்னெண்டு பேரைக் கவனிச்சார். ஒருத்தர் வீட்டுலயும் குடிச்சிட்டு விழலை. ஒருத்தர் பொண்ணையும் பையனுக்குக் கேக்கலை. இந்த மாதிரி நண்பன் மனுசங்கள்ல உண்டா?"

"விருந்துக்கு வர்றேன்னு எழுதினாரே."

"அழைப்பை அன்போட ஏத்துக்கணும்னு விதி இருக்கு. போகணும்னு விதி இல்லை. வண்டிக்கு எழுதிப் போட்டிருக்கோம், இன்னும் வரலை." கோப்பைப் புரட்டினார். "உங்க முன்னேற்றத்தைப் பாருங்க. ஜனவரியில வாரத்துக்கு ஒன்பது சோகம். செப்டம்பர்ல ரெண்டே ரெண்டு. மாவட்டத்துலயே ரெண்டாமிடம்! குணமானவருக்கு எதுக்கு நண்பன்? நோய் தீர்ந்தப்புறமும் ஊசி போடுவாங்களா? ஆட்டு அம்மையில நாங்க கத்துக்கிட்ட பாடம் அது."

ஷாய்லோபெக் தேநீரைத் தொடவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மார்ச் பதினேழாம் தேதி நான் ஒண்ணு எழுதினேன். பதில் வந்துச்சு. 'எனக்கும் அதேதான் நடந்துச்சு அண்ணே, நானும் பக்கத்துல இல்லை'ன்னு. அது உங்கள்ல யாருக்கு நடந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க. போயிடறேன்."

"எடுத்துச் சொல்லும்மா," என்றார் தலைவர். பெர்மெத் பக்கத்தைத் தேடி எடுத்து, ஆளில்லாத வீட்டுச் சாமான்களுக்குப் பட்டியல் வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

"'தம்பி தெமிர்கான், உனக்கு மட்டும் சொல்றேன். நான் அவள் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கலை. பன்னெண்டு மணி ஆகப்போகுதுன்னு வெப்பமானி பாக்க வீட்டுக்குப் போனேன். போகாதீங்கன்னு அவ சொன்னா. ஒரு நிமிசத்துல வந்துடறேன்னேன். மைனஸ் நாலு. எழுதிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. முப்பத்தொரு வருசம் ஒரு பொய் எழுதினதில்லை. இப்போ ஊர் பூரா பொய் சொல்லிட்டுத் திரியறேன். சகலைகிட்ட சொல்லலாம்னு நாப்பது நாள் போனேன். வாய் வரலை.'"

கதவு திறந்திருந்தது. நடையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

"இதுக்குப் பதில் எண் நாப்பத்தொண்ணு, 'துயரில் பங்கு'," என்றாள் பெர்மெத். "யாராவது குத்தத்தை ஒத்துக்கிட்டா இதைத்தான் போடணும்."

"நடந்துச்சா? யாருக்காவது?"

"யாருக்கும் நடக்கலை ஐயா. படிவத்துல இருக்கு."

நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'அன்னிக்கு ஆஸ்பத்திரியில' என்று அவன் தொடங்கும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டியது நினைவுக்கு வந்தது. வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அந்த வயதில்தான் தெரிந்தது. அப்போதாவது அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போயிருக்கலாம். செய்யவில்லை.

"எனக்கு நண்பன் வேணும்னு நான் கேக்கலையே," என்றான் ஷாய்லோபெக். "யார் கேட்டா?"

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல கேள்வி! அனுமதி இல்லாம நாங்க யாருக்கும் நண்பனா இருக்கறதில்லை. எல்லாம் சட்டப்படி. நெருங்கின சொந்தம் யாராவது எழுதிக் கொடுத்தாத்தான் நட்பே ஆரம்பிக்கும்." முதல் பக்கத்தைத் திறந்து அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

அந்தப் படிவத்தை எனக்குத் தெரியும். ஜனவரி ஒன்பதாம் தேதி, மல்யுத்தத்தின் இடைவேளையில், என் சமையலறை மேஜையில் வைத்து நிரப்பியது. 'உறவினரால் இவருடைய பேச்சைக் கேட்க முடியாததற்குக் காரணம்' என்ற இடத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. நான்காவதில் டிக் போட்டிருந்தேன்: 'கேட்டுச் சலித்துவிட்டது.' அதற்குக் கீழே, 'இவர் ஒருவரை நம்ப என்ன தேவை?' என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது. 'ஏழு தந்தையர் பெயரைத் தடுமாறாமல் சொன்னால் போதும். மடையன், நம்பிவிடுவான்.' ஒப்பம், ஜுமாதில், மூத்த சகலை.

"எல்லாரும் இதையேதான் எழுதிக் கொடுத்தாங்க," என்றார் தலைவர் பெருமையோடு. "அதனாலதான் அந்த ஏழு தந்தையர் பேரையும் எல்லா நண்பனுக்கும் நிரந்தரமா வச்சுட்டோம்."

ஷாய்லோபெக் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தான். வெப்பமானியைப் படிப்பதுபோல, கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தான். எழுதப்பட்டிருந்தது, எழுதியவன் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருந்தான்.

கத்துவான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் மேஜையிலிருந்த வெள்ளைத் துணியைப் பிரித்தான். இடுப்பெலும்பை இரண்டு கையாலும் எடுத்து, சபையில் தருகிற முறை தவறாமல், என் மடியில் வைத்தான்.

"இது உங்களுக்குச் சேர வேண்டியதுதாங்க," என்றான். "நான்தான் அன்னிக்குத் தப்பா வச்சுட்டேன். எடுத்துக்கோங்க."

நாற்பது வருடத்தில் அவன் என்னை நீங்க என்று சொன்னதில்லை.

கொடுத்த பங்கை மறுக்கக் கூடாது. மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். அவன் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போதே அலுவலக வாசலில் காவலாளி, ரசீதில் உள்ள எலும்பு வெளியே போகிறது என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். அதையும் நல்ல கையெழுத்தில்தான் போட்டேன்.

ஆனார்குலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு வாரம் எனக்குச் சோறு மட்டும் வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. அலுவலகத்துக்குத் தலைநகரத்தில் விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு நன்றிகெட்டத்தனத்தை ஒழிக்கப் போகிறார்களாம். பலகையின் இரண்டு பக்கமும் தீர்ந்துவிட்டதால் புதுப் பலகை கேட்டிருக்கிறார்கள்.

முதல் பனி விழுந்ததும், ஒரு சாயங்காலம், மல்யுத்தம் ஓடும் நேரத்தில் நான் ஷாய்லோபெக் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வெப்பமானி மாட்டிய கம்பம் மட்டும் நின்றது, வெப்பமானி இல்லை. கதவைத் திறந்தான். உள்ளே வாங்க என்றான். தலைமாட்டு மெத்தையைக் காட்டினான். உட்கார்ந்தேன்.

"ஷாய்லோபெக்," என்றேன், "அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சுன்னு சொல்லு. எவ்வளவு நேரமானாலும் கேக்கறேன்."

அவன் தேநீர் ஊற்றினான். மெதுவாக, ஒரு சொட்டும் சிந்தாமல், கிண்ணம் விளிம்பு வரை நிறையும்படி ஊற்றி, இரண்டு கையாலும் மரியாதையாக என் முன்னால் வைத்தான்.

நான் குடித்தேன். வாய் வெந்தது. குடித்து முடித்தபோது அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.